சித்திரையில் விளைந்த சம்பா: சின்னத்திரை வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணம் பக்கத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்றை வைத்து ஓடிக்கொண்டிருந்த இரவு எட்டரை மணித் தொடர் முடிந்ததும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்துதான். முடிவு சோகமா சந்தோஷமா என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர். வயல் தப்பு, பத்திரம் தப்பு, பேச்சு தப்பு என்று கோபப்பட்டவர்களே அதிகம். தொடரின் பெயரைப் போடவில்லை. இதே பிழைகள் மற்ற தொடர்களிலும் கொட்டிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் நிற்க வைத்து அடிப்பது நியாயமில்லை.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: பூட்டன் காலத்துப் பத்து ஏக்கர் நஞ்சை. அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள். அப்பா இறந்ததும், முழுச் சொத்தும் மூத்தவனுக்கே என்று ஓர் உயில் கிளம்புகிறது. கூடவே 50 லட்ச ரூபாய் கடன். சின்ன மருமகள் வில்லி. கடைசி வாரத்தில் சித்திரை மாதம் நெல் விளைந்து கடன் அடைகிறது. வக்கீல் உயிலைக் கிழிக்கிறார். மகள் சாப்பாட்டு மேஜையில் கையெழுத்துப் போட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கிறாள். வில்லி காலில் விழுகிறாள். 'மூன்று மாதங்களுக்குப் பிறகு' என்று போட்டு, ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் அத்தை மகளுக்குக் கல்யாணம். வணக்கம்.

'சித்திரை மாசம் சம்பா அறுவடை' என்று வசனம். பின்னால் வயல் முழுக்கத் தங்கமாக நெல். எங்கள் ஊரில் சித்திரையில் வயலில் மாடுதான் மேயும். இதை எங்கே போய் எடுத்தார்கள்?
– விவசாயி ஒருவர், நீடாமங்கலம்

வயல் நிஜம், வசனம்தான் பொய். சம்பா ஆவணி, புரட்டாசியில் நட்டுத் தை, மாசியில் வீடு வந்து சேர்ந்துவிடும். சம்பாவுக்கு முன் வரும் குறுவையை அறுத்த வயலில் போடும் தாளடி கொஞ்சம் பின்தங்கிப் பங்குனி வரை இழுக்கலாம். சித்திரையில் ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பிய வயல் தரிசுதான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈர மண்ணில் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உளுந்தோ பச்சைப் பயறோ தெளித்திருந்தால், அதுவும் 70 நாளில் முற்றிச் சித்திரைக்கு முன்பே பறித்தாகியிருக்கும். போர்வெல் வைத்திருப்பவர்கள் கோடை நெல் போட்டிருப்பார்கள். திருவாரூர்ப் பக்கம் பருத்தி நிற்கும். கோடை நெல்லைச் சம்பா என்று சொல்லும் விவசாயி டெல்டாவில் இல்லை.

எடுத்த இடத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ஏரி, கிணற்றுப் பாசனத்தில் நவரைப் பட்டம் உண்டு. மார்கழி, தையில் போட்டுச் சித்திரை வாக்கில் அறுப்பார்கள். சீரியல் யூனிட்டுகளில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றித்தான் இருக்கின்றன. காலையில் வண்டி எடுத்தால் ஒரு மணி நேரத்தில் நவரை வயலில் கேமரா வைத்துவிடலாம். கும்பகோணம் போக ஏறக்குறைய 300 கிலோமீட்டர், நாற்பது ஐம்பது பேருக்குத் தங்கல், சாப்பாடு. தயாரிப்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வயலை மாற்றச் சொல்லி நாம் கேட்கவில்லை. 'சம்பா' என்ற ஒரு சொல்லைக் 'கோடை நெல்' என்று மாற்ற ஒரு பைசா செலவில்லை. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கதை நடக்கும் ஊருக்கும் அதற்கும் ஒரு பஸ் டிக்கெட் தூரம். ஒரு போன் போட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் யாரும் எழுதவில்லை, நாமே சொல்கிறோம். மூத்த மருமகள் அரிவாளோடு இறங்கி, ஐந்தாறு பெண்களுடன் பத்து ஏக்கரையும் பொழுது சாய்வதற்குள் அறுத்து முடிக்கிறார். கையறுப்பு என்றால் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆளாவது வேண்டும். கட்டுத் தூக்கி அடித்துத் தூற்றுவது தனி. பத்து ஏக்கருக்கு நூறு ஆளுக்கு மேல். அதனால்தான் இன்று எல்லாரும் அறுவடை மெஷினைக் கூப்பிடுகிறார்கள். அது ஏக்கருக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். வயல் ஈரமாக இருந்தால் செயின் மெஷின், காய்ந்திருந்தால் டயர் மெஷின். அதில் கதாநாயகிக்கு வேலை இல்லை என்பதுதான் டைரக்டரின் சங்கடம்.

ஒரே அறுவடையில் 50 லட்சம் கடன் அடைந்துவிட்டதே. எந்த ரக நெல் என்று கேட்டுச் சொல்வீர்களா? நாங்களும் போடுகிறோம்.
– வாசகி, பாபநாசம்

கேலி புரிகிறது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல விளைச்சல் என்றால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40. பத்து ஏக்கருக்கு 400 மூட்டை, அதாவது 24,000 கிலோ, 240 குவிண்டால். 2025–26 பருவத்தில் தமிழக அரசு ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் கொடுத்தது. எல்லாமே சன்ன ரகம் என்று வைத்தாலும் 6 லட்சத்து 10,800 ரூபாய். உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, மெஷின் வாடகை போனால் கையில் நிற்பது அதில் பாதியாவது இருக்குமா என்பது உங்களுக்கே தெரியும். செலவே இல்லாமல், வட்டியும் இல்லாமல், வருடம் ஒரு போகம் என்று போட்டால்கூட 50 லட்சம் அடைய எட்டு வருடத்துக்கு மேல் ஆகும்.

பணம் கொடுத்த விதமும் தப்பு. கொள்முதல் நிலைய வாசலில் ஒருவர் பெட்டி நிறைய நோட்டுக்கட்டு நீட்டுகிறார். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ரொக்கம் கிடையாது. வங்கிக் கணக்கில்தான் ஏறும். அதற்கு ஆதார், பாஸ்புக், நிலத்துக்கான சிட்டா, அடங்கல் கேட்பார்கள். மூட்டை 40 கிலோ சாக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அரசு தளர்த்தி உத்தரவு போட்டிருந்தால் தவிர எடுக்க மாட்டார்கள். களத்தில் கொட்டி, காயவைத்து, மழைக்குத் தார்ப்பாய் மூடி, முறை வரும் வரை ராத்திரி காவல் இருப்பது இருக்கிறதே, அதில் ஒரு வாரத்துக்கான சீரியல் கதை இருந்தது. கோட்டை விட்டுவிட்டார்கள்.

மாமனார் கதாபாத்திரம் 'ஜூன் 12 மேட்டூர் திறந்தா, அன்னிக்குச் சாயங்காலமே நம்ம வாய்க்கால்ல தண்ணி' என்று பெருமையாகச் சொல்லுமே, கவனித்தீர்களா?
– வாசகர், தலைஞாயிறு

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் நீங்கள், உங்களுக்கு எரிச்சல் வராமல் யாருக்கு வரும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று, நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். அதன் பிறகு தண்ணீர் முதலில் கிடைக்கும் தலைப்புக்காரர்களைத் தாண்டி உங்கள் ஊருக்கு வந்து சேர இன்னும் ஒரு வாரம், பத்து நாள். முறை வைத்து விட்டால் அதற்கும் மேல். தேதியும் எல்லா வருடமும் 12 இல்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறுவை போடுவதா, நேரே சம்பாவுக்குப் போவதா என்று ஒரு குடும்பம் சண்டை போட இதைவிடக் காரணம் வேண்டுமா? வில்லி பாலில் மருந்து கலக்குவதைவிட நிஜமான சண்டையாக இருந்திருக்கும்.

'பதிவு செய்யாத உயில் செல்லாது' என்று சொல்லி வக்கீல் அதைக் கிழித்துப் போடுகிறார். எங்கள் வீட்டிலும் தாத்தா வெள்ளைத்தாளில் எழுதி வைத்த உயில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

பயப்படாதீர்கள். இந்த முடிவில் மிக மோசமான தவறு இதுதான். வயல் தப்பினால் சிரிக்கலாம், இதை நம்பி யாராவது தாளைத் தூக்கிப் போட்டால் திரும்ப வராது.

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டத்தில் அது விருப்பம்தான். முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தேவைப்படுவது வேறு: எழுதியவரின் கையெழுத்து அல்லது ரேகை, குறைந்தது இரண்டு சாட்சிகள், அந்தச் சாட்சிகள் எழுதியவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது, உயிரோடு இருக்கும் பட்சத்தில், கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். பெரும்பாலான உயில்கள் தோற்பது இங்கேதான். எழுதியவர் வயதையொத்தவர்களையே சாட்சி போடுவது வழக்கம். இருபது வருடம் கழித்து மூவரும் இருக்க மாட்டார்கள். வயதில் இளையவர்களைச் சாட்சியாகப் போடுங்கள். பதிவு செய்வதால் பலம் கூடும், தொலைந்தால் நகல் கிடைக்கும். அதற்குக் காலக்கெடுவும் இல்லை.

அப்புறம், கிழிப்பது. உயிலைக் கிழித்து ரத்து செய்யும் உரிமை எழுதியவருக்கு மட்டும், அல்லது அவர் முன்னிலையில் அவர் சொல்லி இன்னொருவருக்கு. இறந்தவருடைய உயிலை வக்கீல் கிழித்தால் அவர் ஓர் ஆவணத்தை அழித்த குற்றத்துக்கு ஆளாவார். அந்தக் காட்சியில் கைதட்டியவர் பெரிய மருமகள்.

கிழிக்காமலேயே அந்த உயிலை முக்கால் பங்கு மடக்கியிருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. தொடர் சொல்கிறபடி இது பாகம் பிரியாமல் வந்த பூர்வீகச் சொத்து. அப்படியானால் அப்பா, இரண்டு மகன்கள், மகள் என்று நான்கு பேரும் சமபங்காளிகள். அப்பாவால் தன் நாலில் ஒரு பங்கை, இரண்டரை ஏக்கரை, மட்டும்தான் உயில் எழுத முடியும். உயில் செல்லும் என்றே வைத்தாலும் மூத்தவனுக்கு ஐந்து ஏக்கர், மற்ற இருவருக்கும் ஆளுக்கு இரண்டரை. உயிலே இல்லாவிட்டால் அப்பாவின் இரண்டரை ஏக்கர் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நாலாகப் பிரியும். பிள்ளைகளுக்குத் தலா 3 ஏக்கர் 12½ சென்ட், அம்மாவுக்கு 62½ சென்ட். முழுப் பத்து ஏக்கரும் ஒருவனுக்குப் போகும் என்ற அச்சத்தில்தான் இத்தனை எபிசோடும் ஓடியது.

உங்கள் தாத்தா உயிலுக்கு ஒரு எச்சரிக்கை. சொத்து பூர்வீகமா, தனிச் சொத்தா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ல் வந்தது. அதற்குப் பிறகு இறந்த தகப்பனாரிடமிருந்து வாரிசாக ஒருவருக்கு வந்த தனிச் சொத்து அவருக்கும் தனிச் சொத்தாகவே கருதப்படும்; அவர் முழுவதையும் உயில் எழுதலாம். ஆகவே வக்கீலிடம் போகும்போது பூட்டன், தாத்தா இறந்த வருடங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். பாதிக் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

'கல்யாணத்துல நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு, உனக்கு எதுக்கு நிலம்' என்கிறார் அம்மா. மகளும் அழுதுகொண்டே மேஜையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கிறாள். எல்லாரும் அவளைத் தெய்வம் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.
– வாசகி, மன்னார்குடி

எரிய வேண்டியதுதான். சீர் கொடுத்ததால் பங்கு போகாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரமாகவோ கோர்ட் தீர்ப்பாலோ பாகம் பிரித்து முடித்திருந்தால் அதைக் கிளற முடியாது.

மேஜைக் கையெழுத்துக்கு வருவோம். நிலத்தில் பங்கை விடுவது விடுதலைப் பத்திரம். அது பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும். எழுதிய நாலு மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்துப் பத்திரம் எழுதி, முத்திரைத் தீர்வை கட்டி, டோக்கன் வாங்கி, இரண்டு சாட்சிகளோடு போனால், பதிவாளர் எழுதிக்கொடுப்பவரிடம் நேரில் கேட்பார். போட்டோ எடுப்பார்கள், ரேகை வைப்பார்கள். அதன் பிறகு பட்டா மாற்றம் தனி வேலை. தொடரில் காட்டிய தாளுக்கு, பதிவாகாத வரை, நிலத்தைப் பொறுத்துப் பேப்பர் விலைதான். அந்த மகள் நாளைக்கே மனம் மாறிப் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.

நிஜ வாழ்க்கையில் மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து பதிவே ஆகிவிட்டது என்றாலும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். 'அண்ணன் பார்த்துக்குவாரு' என்று இருந்து நாலாவது வருடம் போகிறவர்கள்தான் அதிகம். மனமுவந்து விட்டுக்கொடுப்பதில் தப்பே இல்லை. எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும்: இங்கே 3 ஏக்கர் 12½ சென்ட்.

கடைசி வாரம் மட்டும் ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடினார்கள்? நேற்று வரை விஷம் வைத்தவள் இன்று காலில் விழுகிறாள்!
– வாசகர், தஞ்சாவூர்

அரை மணி நேரத்தில் விளம்பரம் ஆறு நிமிடம் வரை போகும். விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் உச்சவரம்பு. மிச்சம் 24. தலைப்புப் பாட்டு, 'முன்கதை', 'நாளைய காட்சி' போனால் 20. ஒருவர் ஒரு வசனம் பேசியதும் ஏழு முகங்களுக்கும் தனித்தனியாகப் போகும் குளோஸப்பை வழக்கம்போல வைத்தால் அதிலும் கால்வாசி போச்சு. வாரத்துக்கு ஆறு எபிசோடு என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். தீர்க்க வேண்டியிருந்ததோ உயில், கடன், கள்ளக் கையெழுத்து, மகள் பங்கு, குழந்தைக் கடத்தல், வில்லி, கல்யாணம் என்று ஏழு முடிச்சு. ஒன்றுக்குப் பதினேழு நிமிடம்.

ஏன் முன்பே அவிழ்க்கவில்லை? எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்க் (BARC) நிறுவனம் நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்துக் கணக்கெடுத்து வாரா வாரம் வியாழக்கிழமை புள்ளி கொடுக்கிறது. முடிச்சு இருக்கும் வரை புள்ளி இருக்கும்; அவிழ்த்தால் இறங்கும். ஆகவே எந்த எழுத்தாளரும் தானாக அவிழ்க்கத் துணிய மாட்டார். புள்ளி இறங்கினால் சேனல் அந்த நேரத்தைப் புதுத் தொடருக்குக் கொடுத்துவிடும். புதுத் தொடரின் விளம்பரத்தில் தேதி போட்டாயிற்று என்றால் பழைய தொடரின் கடைசி நாளும் முடிவாகிவிட்டது. அதற்குள் நடிகர்கள் வேறு தொடருக்குக் கால்ஷீட் கொடுத்திருப்பார்கள். முக்கியமான இரண்டு பேர் ஒரே காட்சியில் சேர்ந்து நிற்காமல், போனில் பேசியே சமாதானம் ஆவதைக் கவனித்திருந்தால் காரணம் இதுதான்.

வில்லி விஷயம் வேறு நோய். தொடரை இழுத்துப் போவதே வில்லி. நடுவில் அவள் மனசாட்சி உறுத்துவதாக ஒரு காட்சி வைத்தால் அடுத்த வாரம் அவளை வைத்துச் சதி செய்ய முடியாது. அதனால் திருந்துவதற்கு விதை போடாமலே கடைசியில் மரத்தை நட்டுவிடுகிறார்கள். குறைந்தபட்சம் இரண்டு வேண்டும். அவள் செய்ததால் அவளுக்கே ஏதாவது இழப்பு வர வேண்டும். மன்னிக்கிறவர் உடனே மன்னிக்காமல் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். இங்கே பெரிய மருமகள் 'எழுந்திரு தங்கச்சி' என்று பதினைந்து வினாடியில் தூக்கிவிட்டார். நாற்பது மூட்டை நெல்லைத் தனியாளாகத் தூக்கியவருக்கு அது சுலபம்தான்.

கும்பகோணம் குடும்பம் என்கிறார்கள், பேச்சு எல்லாம் மதுரை, சிவகங்கை. ஏன்?
– வாசகி, திருவாரூர்

'வந்தாக, போனாக', 'அப்பத்தா' எல்லாம் கேட்டதும் நமக்கும் காது கூசியது. கிராமம் என்றாலே அந்தப் பேச்சுதான் என்று சின்னத்திரை ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. டெல்டாவில் பல வீடுகளில் அப்பாவின் அம்மா 'அப்பாயி', அம்மாவின் அம்மா 'அம்மாயி'. மரியாதைக்கு 'வந்தாங்க, போனாங்க'. அதைவிடப் பெரிய தவறு நிலக் கணக்கில். எழுபது வயதுப் பெரியவர் வாய்க்கு வாய் 'பத்து ஏக்கர்' என்கிறார். அந்த வயதுக்காரர் ஒன்றரை வேலி என்பார், இல்லாவிட்டால் முப்பது மா. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வசனத்தில் ஒரு 'மா' விழுந்திருந்தால் ஊர் தானாக வந்து நின்றிருக்கும்.

ஆடிப்பெருக்கு அன்று தாலி கட்டுகிறார்களே! எங்கள் புஷ்ய மண்டபப் படித்துறையில் அப்படி ஒரு கூத்து நடந்தால் பெரியவர்கள் விட மாட்டார்கள்.
– வாசகி, திருவையாறு

ஆடியில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து அம்மா வீட்டில் வைத்துக்கொள்கிற மாதம். ஆடி 18-ல் நடப்பது புதுமணத் தம்பதி கல்யாண மாலையை ஆற்றில் விடுவது, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வது, காப்பரிசி, காதோலை கருகமணி வைத்துக் காவிரியைக் கும்பிடுவது, சித்ரான்னம் கட்டிக்கொண்டு போய்க் கரையில் சாப்பிடுவது. தாலி மாற்றும் சடங்கைத் தாலி கட்டும் சடங்கு என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. 'மூன்று மாதங்களுக்குப் பிறகு' என்பதை ஒரு மாதமாக்கி வைகாசியில் கல்யாணம் செய்து, ஆடிப்பெருக்கில் மாலையை ஆற்றில் விட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். படமும் அழகாக இருந்திருக்கும்.

கடைசி மூன்று நாள் மாமியாராக வேறு நடிகை வந்தாரே?
– வாசகர், பட்டுக்கோட்டை

தேதி ஒத்துவரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை போட்டால் முடிந்தது.

முக்கியமான கட்டத்தில் மழை பிடித்தது, டிஷ் 'சிக்னல் இல்லை' என்றது. பக்கத்து வீட்டுக் கேபிளில் நன்றாகத் தெரிந்ததாம். ஐப்பசி முழுக்க இப்படித்தானா?
– வாசகி, வேளாங்கண்ணி

டி.டி.எச். வருவது உயர் அதிர்வெண் அலையில். கனமழைத் துளிகள் அந்த அலையை உறிஞ்சிவிடும். மழை குறைந்ததும் தானே வரும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் சாதாரணத் தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அல்லது டிஷ் முன்னால் நிற்கும் அலைவாங்கியின் (எல்.என்.பி.) கனெக்டரில் தண்ணீர் போயிருக்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்றால் கனெக்டர் பச்சை பூத்துவிடும். வெயில் நாளில் செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் அளவைப் பாருங்கள்; குறைவாக இருந்தால் ஆளைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பச் சொல்லி, கனெக்டரை மாற்றி, மேலே ரப்பர் டேப் சுற்றச் சொல்லுங்கள். கேபிள்காரருடைய டிஷ் பெரிது, அது பெரும்பாலும் வாங்கும் அலையின் அதிர்வெண்ணும் குறைவு, அதனால் மழையைத் தாங்கும். விட்டுப்போன எபிசோடு அந்தச் சேனலின் ஆப்பில் கிடைக்கும்.

முடிவு பிடிக்கவில்லை என்று புகார் கொடுக்கலாமா? குழந்தையைக் கட்டிப்போட்டு அடிக்கும் காட்சியைப் பார்த்து என் பேத்தி ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.
– வாசகர், மயிலாடுதுறை

முடிவு பிடிக்காததற்குப் புகார் எடுபடாது. குழந்தையை அடிக்கும் காட்சிக்கு எடுபடும். கேபிள் டி.வி. விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது, குழந்தைகளைப் பற்றியும் அதில் உண்டு. சேனலின் இணையதளத்தில் குறைதீர் அலுவலரின் முகவரி போட்டிருக்கும். சேனல், தொடர், ஒளிபரப்பான தேதி, நேரம், அரை மணியில் எத்தனையாவது நிமிடம், காட்சியில் என்ன நடந்தது, எது ஆட்சேபம் என்று எழுதுங்கள். 'சீரியல் எல்லாம் மோசம்' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு; அவர்களுக்கு 60 நாள். புகார் அனுப்பிய ஈமெயிலையும் பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம்.

இரண்டாம் பாகம் வருமா? பெரிய மருமகளை இனிப் பார்க்கவே முடியாதா?
– மூன்று சகோதரிகள், திருத்துறைப்பூண்டி

வரலாம், அதே கதையாக வரும் என்று இல்லை. 'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் அதே குடும்பத்தோடு 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்பியது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2023 அக்டோபரில் முடிந்த கையோடு இரண்டாம் பாகம் தொடங்கியது, ஆனால் அது வேறு குடும்பம், வேறு கதை. கடைசி ஷாட்டில் 'முதல் பாகம் நிறைவு' என்று போட்டிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். இங்கே 'நன்றி, வணக்கம்' என்றுதான் போட்டார்கள். வந்தால் ஒரு கதை தயாராகவே இருக்கிறது: மேஜையில் போட்ட கையெழுத்து பதிவாகவில்லை, மகளுக்கு 3 ஏக்கர் 12½ சென்ட் பாக்கி.